மறு: 'அழற்சி எதிர்ப்பு', புரோபோலிஸ் – சொல் தேவை

வணக்கம். 'தேனீப் பொருட்களின் அழற்சி எதிர்ப்பு ஆற்றல்' என்ற தலைப்புக்கும் அதற்கான சொற்பட்டியலுக்கும் நீங்கள் முன்வைத்த சொற்களைப் பற்றி என் கருத்து.

> 'அழற்சி எதிர்ப்பி' ஏற்கெனவே புழங்குகிறது. தேனீப் பொருட்களுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நுண்ணுயிர் எதிர்ப்பு என்றால் எதிரி வெளியிலிருந்து வந்தவன். அழற்சியோ (inflammation) உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் அழல். காயம் ஆறுவதற்கும் அது வேண்டும். அழலைத் தணிக்கிறோம் என்பதுதானே தமிழ் வழக்கு? செயலுக்கு 'அழற்சி தணிப்பு', பொருளுக்கு 'அழற்சி தணிப்பி' என்பது என் முன்மொழிவு.

தேனீ நஞ்சைப் பாருங்கள். அதன் உலர் எடையில் ஏறக்குறைய பாதி மெலிட்டின்; 26 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதக்கூறு. கொட்டிய இடம் சிவந்து வலிப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். அதே மெலிட்டின், குறைந்த செறிவில், அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-காப்பா பி என்ற புரதத்தை அடக்குவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மூட்டுவதும் தணிப்பதும் ஒரே பொருள். இதற்கு எதிர்ப்பி என்று எப்படிப் பட்டம் கட்டுவது?

> புரோபோலிஸ் = தேனரக்கு

காதுக்கு இனிமையான சொல். கூட்டின் விரிசல்களை அடைப்பதற்குத் தேனீ புரோபோலிஸைப் பயன்படுத்துவதால் 'அரக்கு' பொருந்துவதுபோலவும் இருக்கிறது. ஆனால் அரக்கு பூச்சியின் உடலில் சுரப்பது. இது மரமொட்டுகளில் கசிவதைத் தேனீ கடித்தெடுத்து, மகரந்தம் சுமக்கும் அதே பின்னங்கால் கூடையில் ஒட்டிக்கொண்டு வருவது. பிசுபிசுப்பில் தானே இறக்கிவைக்க முடியாது. கூட்டிலுள்ள இன்னொரு தேனீ இழுத்தெடுக்க வேண்டும். உள்ளே புகுந்து செத்த சுண்டெலியை அகற்ற முடியாவிட்டால், அதன்மேல் இதைப் பூசி நாற்றமெடுக்காமல் மூடிவிடுவதும் உண்டு. தவிர, 'தேன்' என்று தொடங்கினால் தின்பண்டம் என்றே படிப்பார்கள். 'தேனீப்பிசின்' போதும்.

இதில் இன்னொரு வசதி, அடைமொழி சேர்க்கலாம். பாப்ளர் மரத்திலிருந்து வருவதில் அழற்சியைத் தணிப்பதாக அதிகம் பேசப்படுவது காஃபியிக் அமில பீனெத்தில் எஸ்டர் என்ற சேர்மம். பிரேசிலின் பச்சை வகையில் ஆர்ட்டெபில்லின் சி. மூலத் தாவரம் மாறினால் சரக்கும் மாறுகிறது. 'பாப்ளர்த் தேனீப்பிசின்' என்று எழுதினால் குழப்பமில்லை.

ராணித் தேனீக்கு ஊட்டும் ராயல் ஜெல்லிக்கு 'அரசக் கூழ்' எனக்குச் சம்மதம்.

தலைப்பிலுள்ள 'ஆற்றல்' மட்டும் உறுத்துகிறது. சான்றுகளில் பெரும்பகுதி செல்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. மனிதரில் நடந்த சோதனைகள் குறைவு. 'அழற்சி தணிப்பு வாய்ப்பு' என்றால் திருமண விளம்பரம் போலிருக்கிறது. 'தன்மை' என்று அடக்கி வாசிக்கலாமே.

கடைசியாக ஒன்று. ஒவ்வாமையையும் அழற்சி என்றே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் பொறுத்துக்கொள்ளலாம், இங்கே கூடாது. தேனீப்பிசின் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். நஞ்சு ஒவ்வாதவர்களுக்கு ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்து. அவர்களில் ஒருவர் 'அழற்சி தணிப்பி' என்பதை ஒவ்வாமைக்கு மருந்து என்று படித்துவிடக் கூடாது. பட்டியலில் இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.