மாலகாவா, கிரனாடாவா? மே கடைசியில் ஆறு இரவு

கேள்வி:
மே கடைசி வாரம் தெற்கு ஸ்பெயின் போகிறோம். நான்கு பெரியவர்கள், பத்து வயதுப் பையன் ஒருவன். பெரியவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி. பையனுக்குக் கடல் வேண்டும், மற்றவர்களுக்குக் கிரனாடாவில் இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டை. எல்லோரும் சைவம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறாமல் ஒரே இடத்தில் தங்க, மாலகா, கிரனாடா இரண்டில் எது சரி?

பதில் 1:
மாலகா. விமான நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் ஊருக்குள் வர கால் மணி நேரம்கூட ஆகாது. அல்கஸாபா கோட்டை, அதன் காலடியில் ரோமானிய அரங்கம், பிக்காஸோ அருங்காட்சியகம் (1881இல் அவர் பிறந்த ஊர்) எல்லாம் நடை தூரம்தான். கிரனாடாவில் அல்பைசீன் என்கிற பழைய குன்றுப் பகுதியில் அறை போட்டால் கூழாங்கல் பாவிய ஏற்றச் சந்துகள், முழங்கால் தாங்காது. ஆனால் கடலைப் பற்றிப் பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள். மே கடைசியில் தண்ணீர் 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மலகெத்தா கடற்கரை மணலும் வெள்ளையாக இருக்காது, கருமைதான்.

அல்ஹம்ப்ராவுக்கு ஒரு பகல் போதும். மாலகா ரயில் நிலையத்துக்கு அடுத்தே பேருந்து நிலையம். கிரனாடா இரண்டு மணி நேரத்துக்குள். அங்கே பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் டாக்ஸி பிடித்துவிடுங்கள்.

பதில் 2:
மாலகா சரிதான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் அல்ஹம்ப்ரா டிக்கெட், அப்புறம் விமானம், அறை. பொது டிக்கெட்டில் அல்ஹம்ப்ராவின் முக்கியப் பகுதியான நஸ்ரித் அரண்மனைகளுக்கு ஒரு நேரம் குறித்திருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். நேரத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வரச்சொல்லி விரட்டமாட்டார்கள். மாலகாவிலிருந்து வருபவர்கள் பகல் 12 மணிக்கு மேல் எடுப்பது நல்லது.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். தோட்டம், ஹெனரலிஃபே (கோடைக்கால அரண்மனை), அல்ஹம்ப்ராவுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு அல்கஸாபா கோட்டை, இவற்றுக்கு மட்டும் என்று ஒரு டிக்கெட் உண்டு. மலிவு, எளிதில் கிடைக்கும், ஆனால் அதில் நஸ்ரித் அரண்மனைகள் கிடையாது. அதை வாங்கிவிட்டால் போன காரியமே போச்சு. இன்னொன்று, டிக்கெட் கவுன்டர் பக்கத்து வாசலிலிருந்து அரண்மனைக்கு நல்ல வேகத்தில் நடந்தாலே கால் மணி நேரம். டிக்கெட் கையில் இருந்தால் நீதி வாசல் வழியாக நுழையுங்கள், அது அருகில். ஊருக்குள்ளிருந்து மேலே ஏறும் சிற்றுந்தும் அந்த வாசலருகே நிற்கும். டிக்கெட் அவரவர் பெயரில்தான் வரும். பையனுடையது உட்பட அசல் பாஸ்போர்ட் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்:
விடுமுறை ஜூலைக்குத் தள்ளிப்போனால்?

பதில் 2:
அப்போதும் மாலகாவே, இன்னும் அழுத்தமாக. ஜூலையில் கிரனாடா மதியம் 35ஐத் தொடும். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரவு குளிர்ந்துவிடும் என்பது மட்டும் ஆறுதல். மாலகாவுக்குக் கடற்காற்று உண்டு. ஆனால் தெர்ரால் என்கிற நிலக்காற்று வீசும் நாளில் அங்கேயும் 40 வரை ஏறும். அன்று கோட்டை ஏறாதீர்கள், மியூசியத்துக்குள் போய்விடுங்கள்.

பதில் 3:
சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. கிரனாடாவில் பானம் வாங்கினால் தாபா என்கிற சிறு தட்டுத் தின்பண்டம் இலவசமாக வரும். பெரும்பாலும் பன்றி இறைச்சி அல்லது மீன். ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் டூனா மீன் வந்து நிற்கும். ‘சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ (ஹாம் என்கிற பன்றித் தொடை இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சால்மொரெஹோ தக்காளி சூப்தான், ஆனால் மேலே ஹாமும் முட்டையும் தூவித் தருவார்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றும் ‘பெரெங்ஹேனாஸ் கோன் மியெல்’ இரண்டு ஊரிலும் கிடைக்கும். பொரிக்கும் எண்ணெயில் மீனும் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரைக் கடைகளில் பெரும்பாலும் ஒரே சட்டிதான்.