புதுப்பிப்பு: சுருட்டு வரி, மும்பைக் கணக்கு

வரி ஏறுமுன் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கலாமா என்று மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள் கேட்டதற்கு முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. 2026 பிப்ரவரி 1 முதல் சுருட்டுக்குப் புதிய வரி விகிதம் அமலில் இருக்கிறது.

வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்று வையுங்கள். முன்பு 28% ஜிஎஸ்டி, 21% செஸ் என்ற கூடுதல் வரி சேர்ந்து 149. இப்போது 25% கலால், அதையும் சேர்த்த 125-க்கு 40% ஜிஎஸ்டி, ஆக 175. சுமார் 17% ஏற்றம். (பேரிடர் நிதிக்கான என்.சி.சி.டி. வரி தனி.) கலால் ஒரு சுருட்டுக்குக் குறைந்தபட்சம் 5 ரூபாய் என்பதால் மலிவுச் சுருட்டுக்குத்தான் அடி பலம்: வரிக்கு முன் 10 ரூபாய்ச் சரக்கு 17-இலிருந்து 21-க்குப் போகிறது (பழைய செஸ்ஸுக்கும் இப்படி ஒரு குறைந்தபட்சம் இருந்தது). சிகரில்லோ என்ற குட்டிச் சுருட்டுக்கு மாறுகிறேன் என்பவர்களுக்கும் தப்ப வழியில்லை, அதற்கும் இதே விகிதம்.

வாங்கிக் குவித்தவர்களுக்கு இனி மழைதான் தலைவலி. மூடி பொருந்தாத மரப்பெட்டியில் ஈரம் ஏறி பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா போதும். 25 சுருட்டுக்கு, உள்ளே ஈரப்பதத்தை 65% அளவில் நிறுத்தும் 60 கிராம் பொட்டலம் ஒன்று. வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நின்றால் புகையிலை வண்டு பொரியும். சுருட்டில் ஊசித்துளை தெரிந்தால் டப்பா முழுவதையும் ஜிப் பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். நேராக வெளியே வைத்தால் சுருட்டைச் சுற்றிய மேலிலை வெடிக்கும்.

கடையில் பழைய சரக்குக்கு, அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.