பாக்குலோவைரஸின் ‘அக்லூஷன் பாடி’க்கு ஒரு சொல்: பொதிமணி

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சி வைரஸ்கள் பற்றிய இழையில், வைரஸ் துகள்களை உள்ளே வைத்து மூடும் புரதப் படிகமான ‘அக்லூஷன் பாடி’க்குப் ‘பன்முகி’, ‘அடைப்புடல்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம். ‘பொதிமணி’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

முதலில் பொருளைப் பார்ப்போம். பாக்குலோவைரஸ் என்பது பூச்சிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் குடும்பம். அது தாக்கிய புழு பல சமயம் செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். பிறகு உடல் கூழாகி ஒழுகும். அந்தக் கூழில் வைரஸ் துகள்கள் புரதப் படிகத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. மண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க இந்தப் படிகம்தான் காரணம். இன்னொரு புழு அதைத் தின்றால், நடுக்குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து வைரஸ் வெளியே வரும். காய்ப்புழுவுக்கு நம் உழவர்கள் தெளிக்கும் என்.பி.வி. (நியூக்ளியோபாலிஹெட்ரோவைரஸ் என்ற பாக்குலோவைரஸ் வகை) கரைசலில் இருப்பதும் இதே படிகம்தான்.

‘பன்முகி’ என்.பி.வி. படிகத்தின் பல முக வடிவத்தை வைத்து வந்த சொல். ஆனால் பாக்குலோவைரஸின் இன்னொரு வகையான கிரானுலோவைரஸ்களின் படிகம் சிறிய முட்டை வடிவம். அதற்குள் பெரும்பாலும் ஒரே ஒரு துகள். முன்பு இந்த வேறுபாட்டை வைத்தே குடும்பத்தை இரண்டு பேரினங்களாகப் பிரித்திருந்தார்கள். மரபணுத்தொகுதிகளின் வரிசையை அறிந்த பிறகு அந்தப் பிரிவு நிற்கவில்லை. 1994-இல் ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிக்கா என்ற அந்துப்பூச்சியின் வைரஸ் முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டது. 2001-இல் கியூலெக்ஸ் நைக்ரிபால்பஸ் கொசுவின் வைரஸ் வரிசை வந்தது. பெயரில் அதுவும் என்.பி.வி.தான். ஆனால் மரபு உறவில் அந்துப்பூச்சிகளின் என்.பி.வி.க்கு அதைவிடக் கிரானுலோவைரஸ்களே நெருக்கம். கொசு வைரஸின் படிகப் புரதத்துக்கும், அந்துப்பூச்சி என்.பி.வி.களின் படிகப் புரதமான பாலிஹெட்ரினுக்கும் வரிசையில் ஒற்றுமையே இல்லை!

ஓர் உறைக்குள் ஒரு நியூக்ளியோகேப்சிடா (மரபுப்பொருளும் அதைச் சுற்றிய புரதக் கூடும்), பலவா என்ற பழைய பாகுபாடும் இப்படியே போயிற்று. 2006-இல் முன்மொழியப்பட்டு, பின்னர் ஏற்கப்பட்ட வகைப்பாட்டில் நான்கு பேரினங்கள்: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. பிரிவுகள் மரபு உறவையும், எந்தப் பூச்சிப் பிரிவைத் தாக்குகிறது என்பதையும் ஒட்டி அமைந்தன. கொசு வைரஸ் டெல்டாவுக்குப் போனது. வடிவத்தை நம்பி வைத்த பெயர் என்ன பாடுபடும் என்று பார்த்த பிறகும் நாம் ‘பன்முகி’ என்று புதிதாகத் தொடங்க வேண்டுமா?

‘அடைப்புடல்’ என்றால் குழாய் அடைப்பும் மாரடைப்பும்தான் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் அடைபடவில்லை.

‘பொதி’ என்பதில் உள்ளே வைத்து மூடுதல், மூடிய மூட்டை இரண்டும் உண்டு. பொதிசோறு என்று சொல்கிறோமே. ‘மணி’ என்றால் நெல்மணி, பாசிமணி என்று சின்னதாய்க் கெட்டியாய் இருக்கும் எதையும் சொல்லலாம், வடிவம் எதுவானாலும். இன்னொரு வசதி, பாக்குலோவைரஸோடு இந்தச் சொல் நின்றுவிடாது. பட்டுப்புழுவைத் தாக்கும் சைப்போவைரஸ் ஆர்.என்.ஏ. வைரஸ், வேறு குடும்பம். அதுவும் இப்படிப் படிகம் கட்டுகிறது. பூச்சிகளின் பாக்ஸ்வைரஸ்களும் கட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் பொதிமணி பொருந்தும்.

இதிலிருந்து மற்ற சொற்களும் வரும். படிகப் புரதம் பொதுவாகப் ‘பொதிமணிப் புரதம்’. பாலிஹெட்ரின், கிரானுலின் என்ற தனிப்பெயர்கள் அப்படியே இருக்கட்டும். படிகத்துக்குள் இருந்து புழுவுக்குப் புழு பரவும் துகள் ‘பொதிதுகள்’. செல் சவ்விலிருந்து மொட்டுவிட்டு, ஒரே புழுவுக்குள் செல்லுக்குச் செல் பரவுவது ‘அரும்புதுகள்’. இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குடும்ப, பேரினப் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். ‘கோல் நச்சுயிரி’ அழகுதான், ஆனால் பாக்குலோவைரஸ் உலகப் பொதுப்பெயர், அடுத்த திருத்தத்தில் மாறவும் கூடும், ஒலிபெயர்ப்பே போதும்.

பட்டுவளர்ப்புத் துறையில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு. பட்டுப்புழுவின் என்.பி.வி. நோயான கிராசரியை நேரில் பார்த்தவர்கள் இந்தப் படிகத்துக்கு வழக்கில் ஏதாவது பெயர் சொல்கிறார்களா? இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.