அடுப்புச் சாம்பலைப் பார்த்து விவரம் சொல்லத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கணப்பு அடுப்புல ஆந்த்ரசைட்டை (புகை குறைவான கடின நிலக்கரி) விட்டுட்டு பிட்டுமினஸ் நிலக்கரிக்கு (புகை அதிகம் வர்ற மென்மையான வகை) மாறினேன். நல்லாத்தான் எரியுது, சாம்பல்தான் குழப்புது. செங்கல்பொடி நிறம், அது கரியில கலந்திருக்கிற பைரைட்ங்கிற கனிமத்துல இருக்கிற இரும்பு, சரி. ஆனா காலையில சாம்பல் தட்டை வெளியே இழுத்தா உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி உருகி இறுகின கட்டி. பக்கத்துலயே, நசுக்கினா விரல்ல கறுப்பு ஒட்டுற அரைகுறையா எரிஞ்ச துண்டுகள். கட்டின்னா சூடு அதிகம், கறுப்புன்னா காற்று பத்தலைன்னு சொல்வாங்க. ரெண்டும் சேர்ந்து வந்தா?

இந்தக் கரி உப்பி ஒட்டிப் பொருக்குத் தட்டுது. அதை உடைக்க அடிவரைக்கும் கிளறுறேன் (கை சும்மா இருக்காது). அதுல சாம்பல் தணலுக்குள்ள ஏறி உருகுதோ? புதுக்கரி போட்டதும் கதவுல இருக்கிற மேல்காற்றுத் துளையை (தணலுக்கு மேல காற்று விடுறது) எவ்வளவு நேரம் திறந்து வைப்பீங்க?