கால் நகப் பங்கசுக்கு லேசர் செய்யிறது பிரயோசனமோ?

கிளிநொச்சி வயல்:
அப்பாவுக்கு ரெண்டு பெருவிரல் நகமும் மஞ்சளாகித் தடிச்சுப் போச்சு. விதைப்பு தொடங்கினா நாள் முழுக்கச் சேத்துக்குள்ளதான். நீரிழிவும் இருக்கு. கொழும்பிலை லேசர் செய்யச் சொல்லுகினம். செய்யலாமோ?

நெடுங்கேணி:
முதல்லை பங்கசுதானோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. இப்பிடித் தடிச்ச நகங்களிலை ஏறக்குறைய அரைவாசிதான் பங்கசு. அடிபட்ட நகமும் சொரியாசிசு எண்ட தோல் வருத்தமும் இதே மாதிரித்தான் தெரியும். நகத்தை ஏலுமான அளவு உள்ளுக்கு வெட்டி, அடியிலை இருக்கிற தூளையும் சுரண்டி ஆய்வுகூடத்துக்குக் குடுக்கவேணும். நுனியை மட்டும் குடுத்தா பங்கசு இருந்தும் இல்லையெண்டு முடிவு வரும்.

மாங்குளம் மருந்தாளர்:
லேசர் பெரும்பாலும் 1064 நானோமீற்றர் அலைநீளம். சூட்டாலைதான் பங்கசைத் தாக்குது. கூட்டினா தோல் சுடும், குறைச்சா பங்கசு தப்பும். அமெரிக்காவின்ரை மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குடுத்த அனுமதியும் தெளிவான நகம் தற்காலிகமாகக் கூடும் எண்டதுக்குத்தான், நோய் மாறும் எண்டதுக்கில்லை. நீரிழிவாலை கால் விறைச்சிருந்தா சூடு தெரியாமல் புண் வந்திடும், தயவுசெய்து கவனம்.

டெர்பினாபின் எண்ட பங்கசு கொல்லுற குளிசை 250 மில்லிகிராம், நாளுக்கு ஒண்டு, 12 கிழமை. இதுதான் கூடுதலாக வேலை செய்யும். தொடங்க முன்னம் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை வேணும், வைத்தியர் எழுதித்தான் எடுக்கவேணும்.

கிளிநொச்சி வயல்:
குளிசை முடிய நகம் வெளிச்சிடுமோ?

நெடுங்கேணி:
இல்லை. பெருவிரல் நகம் மாசம் ஒண்டரை மில்லிமீற்றர் அளவுதான் வளரும். முழுசா மாற 12 முதல் 18 மாசம். விரலிடுக்குச் சேத்துப்புண்ணையும் சேர்த்து மாத்துங்கோ, அங்கையிருந்துதான் திரும்ப நகத்துக்கு ஏறும். அப்பாவின்ரை நகவெட்டியை வேறையாக வையுங்கோ.