கடற்கரை ஊருக்கு எந்த மரத்து கிடார் தாங்கும்?

தூத்துக்குடிக்காரன்:
வீடு துறைமுகத்துக்குப் பக்கம், ஜன்னலைத் திறந்தாலே உப்புக்காற்று. ஆறு வருஷமாக வாசிக்கும் கிடாரில் கம்பி இப்போது கழுத்துப் பலகையை விட்டு எவ்வளவு ஏறிவிட்டது என்றால் ஏழாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல் அமுக்கினால் விரல் எரிகிறது. புதிதாக ஒன்று வாங்க முப்பதாயிரம் சேர்த்துவிட்டேன். முதுகுப் பக்கம் ரோஸ்வுட் இருந்தால்தான் பேஸ், அதாவது கனமான கீழ்ச்சத்தம், வரும் என்கிறார் கடைக்காரர். கூட வாசிக்கும் அண்ணன் மஹாகனிதான் பாட்டுக்குச் சேரும் என்கிறார். யூடியூபில் ஒருத்தர், முழுக்க சாலிட் மரம் (அடுக்கி ஒட்டாத அசல் பலகை) வாங்கினால் நம் ஊரில் பிளந்துவிடும் என்று பயமுறுத்துகிறார். யாரைத்தான் நம்புவது?

மரத்தூள்:
தம்பி, மூன்று பேரும் மேல்பலகையைப் பற்றிப் பேசவே இல்லையே! சத்தத்தில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகை; மெல்லிய லைட் கம்பி போட்டாலே எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், அதையும் தாங்கிக்கொண்டு அதிரவும் வேண்டும். எடை குறைவாக, ஆனால் விறைப்பாக இருப்பதால்தான் ஸ்ப்ரூஸ் மரத்தை இவ்வளவு பேர் போடுகிறார்கள். சீடர் மரம் இன்னும் மென்மை, மெல்ல மீட்டினாலே பேசும், ஓங்கி அடித்தால் திணறும், நகம் பட்டால் கோடும் விழும்.

உங்கள் பழைய கிடாரின் ஒலித்துளை விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை அப்படியே விளிம்பில் கீழே இறங்கினால் சாலிட். சாண்ட்விச் மாதிரி அடுக்குத் தெரிந்தால் பிளை, அதாவது பிளைவுட். அப்புறம் பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பியைப் பிடித்திருக்கும் கட்டை) பின்னால் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். லேசான மேடு பல கிடார்களில் வேண்டுமென்றே வைப்பதுதான், ஆனால் ஸ்கேல் சீசா மாதிரி இரண்டு பக்கமும் ஆடினால் பலகை உப்பியிருக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருப்பதால் வெளியே போக வழியில்லாமல் மேலே எழும்பும், பிரிட்ஜும் கம்பியும் கூடவே ஏறும். பிளையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு, அதே காரணத்தால் சத்தமும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

உங்கள் ஊருக்கு என் கணக்கு: மேலே சாலிட் ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் பிளை. யமஹா எஃப்ஜி 800 அந்த வகைதான்.

ஆறுகம்பி:
மேல்பலகை விஷயம் சரி, ஆனால் ரோஸ்வுட்டை இப்படி ஒதுக்காதீர்கள். நம் நீலகிரிப் பக்கத்து ஈட்டிமரம்தானே அது! பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிக்கலானதும் 1969-இல் கிடார் செய்யும் அமெரிக்க மார்ட்டின் கம்பெனியே இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. என்னிடம் ரோஸ்வுட் ஒன்று, மஹாகனி ஒன்று. பேஸ் வித்தியாசம் என் காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மரத்தூள்:
தெரியும், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் இரண்டு கிடாருக்கும் உடல் அளவு, உள்ளே ஒட்டிய கட்டைகள், கம்பியின் வயது எல்லாம் ஒன்றா? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சோதனை செய்து 2018-இல் வெளியிட்டார்கள். முதுகு, பக்க மரம் மட்டும் வேறு, மற்றதெல்லாம் ஒரே மாதிரி ஆறு கிடார். 52 பேர், மரம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க மங்கின வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் சாதா மரத்துக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமே இல்லை. அதற்கும் முன்னால், 1862-லேயே ஸ்பெயினில் டோரஸ் என்ற கிடார் ஆசாரி பக்கமும் முதுகும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, மேலே மட்டும் ஸ்ப்ரூஸ் போட்டுக் காட்டிவிட்டார்.

ஆறுகம்பி:
அட்டையா! சரி, என் ரோஸ்வுட் அழகாகவாவது இருக்கிறது, விற்க மாட்டேன் :)

பலாக்கட்டை:
தஞ்சாவூரிலிருந்து. எங்கள் தெருவில் வீணைக்குப் பலா மட்டும்தான். தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், ஈரத்தை விட மோசம் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவது. ராத்திரி முழுக்க ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு என்றால் எந்த மரமும் ஆடிப்போகும். வாசித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரமானியும் போடுங்கள். ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள், பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

தூத்துக்குடிக்காரன்:
ஸ்கேல் வைத்தேன், நன்றாகவே ஆடுகிறது. விளிம்பில் ரேகை இறங்குகிறது, அப்படியென்றால் இவ்வளவு நாள் சாலிட் டாப்பைத்தான் ஏசிக்குக் கீழே சுவரில் மாட்டி வைத்திருந்தேன் போல. இன்று கடைக்குப் போய் முதல் வேலையாக ஒலித்துளைக்குள் டார்ச் அடித்தேன். கடைக்காரர் ரோஸ்வுட் பேச்சையே எடுக்கவில்லை.