வட கொரியாவில் டேக்வாண்டோ யார், யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பச்சை_பெல்ட்:
நான் பழகுவது ஒலிம்பிக்கில் வரும் டபிள்யூடி (வேர்ல்ட் டேக்வாண்டோ) முறை. போன வாரம் வட கொரிய அணியின் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. நெஞ்சுக் கவசம் கிடையாது, கிளவுஸ் போட்டு முகத்திலேயே குத்துகிறார்கள், ஒவ்வொரு அசைவிலும் உடம்பு ஒரு தரம் தாழ்ந்து எழுந்து தாழ்கிறது. மாஸ்டரிடம் கேட்டால் "அது வேற ஸ்டைல்" என்பதோடு சரி. வெளியாள் சுலபமாக நுழைய முடியாத நாட்டில் இதை யார் கொண்டுபோய்ச் சேர்த்தது? எல்லாம் ராணுவத்துக்கான பயிற்சியா?

மரப்பலகை:
அது ஐடிஎஃப், அதாவது சர்வதேச டேக்வாண்டோ சம்மேளனத்தின் முறை. ஏதோ காலங்காலமாக அங்கேயே இருந்தது போல நிறைய பேர் பேசுகிறார்கள், ஆனால் வடக்கே அது போனது 1980இல்தான். கொண்டுபோனவர் சோய் ஹோங் ஹி, தென் கொரிய ராணுவ ஜெனரல். 1955இல் டேக்வாண்டோ என்ற பெயரை நிலைநிறுத்தியவர், 1966இல் சியோலில் ஐடிஎஃபைத் தொடங்கியவர். பிறந்த ஊர் மட்டும் இன்றைய வட கொரியாவில் இருக்கிறது. அப்போதைய தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயின் ஆட்சியோடு ஒத்துப்போகாமல் 1972இல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த வருடமே தெற்கு தனக்கென்று வேறு சம்மேளனம் வைத்துக்கொண்டது, நீங்கள் பழகுவது அந்த வழி. 1980இல் இவர் ஒரு குழுவோடு பியோங்யாங் போய்ச் செய்து காட்டினார், அப்புறம் கனடாவிலிருந்தே ஒரு மாஸ்டர் போய் அங்குள்ள முதல் பயிற்சியாளர்களைத் தயார் செய்தார்.

ஆக பாடத்தில் ரகசியம் எதுவும் இல்லை. டொராண்டோவில் பழகுகிறவனுக்கும் பியோங்யாங்கில் பழகுகிறவனுக்கும் அதே 24 பேட்டர்ன் (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு), சோய் எழுதிய அதே 15 தொகுதிப் புத்தகம். வித்தியாசம் ஆள் எடுப்பதில் இருக்கிறது. இங்கே மாதச் சந்தா கட்டினால் யாரும் சேரலாம். அங்கே பள்ளிக்கூடத்திலும் மங்யோங்டே போன்ற மாணவர் மாளிகைகளிலும் (பள்ளி முடிந்தபின் பயிற்சி தரும் அரசு மையங்கள்) தேறுகிற பிள்ளைகளை அரசு பொறுக்கி எடுத்து, அதுவே வேலை என்று ஆக்கிவிடுகிறது. பியோங்யாங்கின் சோங்சுன் தெருவில் இதற்கென்றே தனி அரங்கம் 1992இல் கட்டினார்கள். ராணுவத்தில் கியோக்சுல் என்று தனியாக ஒரு சண்டை முறை உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஈப்போ_குமரன்:
அண்ணே, நடுவில் மலேசியாவை விட்டுவிட்டீர்களே. சோய் 1962இலிருந்து சில வருடம் இங்கே தென் கொரியத் தூதராக இருந்தார், அந்தப் பேட்டர்ன்களில் பலவும் இங்கே இருந்தபோது செதுக்கியவை. நாங்கள் இன்றும் அவற்றைத்தான் பழகுகிறோம், எங்கள் கிளாஸில் பாதிப் பேர் தமிழர்கள்.

பாடம் அப்படியே இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. முன்பு கோ-டாங் என்று ஒரு பேட்டர்ன் இருந்தது, 39 அசைவு. பியோங்யாங்கில் காந்தியவாதி போல வாழ்ந்த சோ மான் சிக் என்ற தேசியத் தலைவரின் புனைபெயர் அது. 1946இல் சோவியத் படை அவரை வீட்டுக்காவலில் வைத்தது, கொரியப் போர் சமயத்தில் வட கொரிய ஆட்சி கொன்றுவிட்டதாகவே பலரும் நம்புகிறார்கள். 1980களில் அந்தப் பேட்டர்னைத் தூக்கிவிட்டு, 45 அசைவோடு ஜூச்சே வந்தது. வட கொரியாவை நிறுவிய கிம் இல் சுங்கின் சித்தாந்தம்தான் ஜூச்சே, விளக்கமே வேண்டாம். உள்ளே அடைத்துவைத்த மனிதரை பாடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

பேட்டர்ன் என்னவோ அபாரமாக இருக்கும். ஒரு காலைத் தரையில் வைக்காமலே பக்கவாட்டு உதையும் கொக்கி உதையும் அடுத்தடுத்து, நத்தை வேகத்தில் செய்ய வேண்டும். நிற்கிற காலின் தொடை நடுங்குவது பார்க்கிறவனுக்கே தெரியும். சில ஐடிஎஃப் பிரிவுகள் பிற்பாடு கோ-டாங்குக்கே திரும்பிவிட்டன.

பச்சை_பெல்ட்:
இது எதுவும் தெரியாது எனக்கு! அப்படியானால் வெளிநாட்டுக்காரர்கள் அங்கே போய்ப் பழக முடியுமா? சோய் கடைசி வரை கனடாவிலேயே இருந்தாரா?

மரப்பலகை:
2002இல் பியோங்யாங்கில் இறந்தார், அங்கேயே தேசபக்தர்கள் கல்லறையில் அடக்கம். தெற்கில் பல வருடம் அவரைத் துரோகி என்றே சொன்னார்கள்.

2020இல் எல்லையை மூடும்வரை போய்வந்திருக்கிறார்கள். ஐடிஎஃப் உலகப் போட்டியே 1992, 2011, 2017 என்று அங்கே நடந்திருக்கிறது. விசா முதல் கூடவே வரும் வழிகாட்டி வரை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. அரங்கத்துக்குள் நன்றாகச் சொல்லித் தருவார்கள், தெருவில் தனியாக நடக்க விட மாட்டார்கள்.

சும்மா_பார்வையாளன்:
எல்லாம் சரி, ஐடிஎஃப் மாணவர் உறுதிமொழியில் சுதந்திரத்துக்காகவும் நீதிக்காகவும் நிற்பேன் என்று ஒரு வரி உண்டே, அதை அங்கே எந்த முகத்தோடு சொல்கிறார்கள்? கலை வேறு அரசியல் வேறு என்று யாரும் கிளம்பி வராதீர்கள்.

ஈப்போ_குமரன்:
கிளம்பவில்லை. ஆனால் அந்த வரியைச் சொல்கிற பத்து வயசுப் பிள்ளையை ஏன் பிடிக்கிறீர்கள்? எழுதிய சோய்தான் பதில் சொல்ல வேண்டும். பணமும் கட்டடமும் யார் தந்தார்களோ அங்கே போய் உட்கார்ந்தார், தெற்கில் இருந்த சர்வாதிகாரியைத் திட்டிக்கொண்டே.

பச்சை_பெல்ட்:
கடைசியாக ஒன்று. 2018 குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து செய்து காட்டினார்களே, இனி போட்டியிலும் பார்க்கலாமா?

மரப்பலகை:
2014இல் நான்ஜிங்கில் இரண்டு சம்மேளனமும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவர் போட்டியில் மற்றவர் கலந்துகொள்ளலாம் என்று. காகிதத்தில் வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் சென்சார் வைத்த கவசத்தை மாட்டிக்கொண்டு, முகத்தில் குத்தக் கூடாது, முன்காலைத் தூக்கி வைத்தே புள்ளி எடு என்றால் அவர்கள் பழகியதில் பாதி அங்கே உதவாது. ஐடிஎஃப் விதியில் நீங்கள் இறங்கினாலும் அதே கதைதான், கையைக் கீழே தொங்கவிட்டு நிற்கும் பழக்கத்துக்கு முதல் நிமிடத்திலேயே மூக்கில் வாங்குவீர்கள்.